அரசியக்காவின் லாகின்

உங்க பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை கிடைச்சிருக்குதா? சந்தோசமுங்ண்ணா. நல்ல வேலைதான். ஏசி ரூமு, உக்காந்த இடத்துலயே எல்லாம் முடிஞ்சிரும். எங்கப்பா ஊரெல்லாம் அதைத்தான் சொல்லிட்டுத் திரிவாரு, "எம்பையனுக்குக் கையில அழுக்கு ஒட்டாத வேலை"ன்னு.

நானும் அந்த லைன்தானுங்க. என் கார்டுல பில்ட் இன்ஜினியர்னு போட்டிருக்கும். வீடு கட்டறவன் இல்லை. பொண்ணு பாக்கப் போனப்ப எங்க மாமனாரே "இதுவரைக்கும் எத்தனை வீடு கட்டியிருக்கீங்க மாப்பிள்ளை"ன்னு கேட்டுட்டாரு. விசயம் என்னன்னா, ஒரு ஆபீஸ்ல பத்துப் பேர் உக்காந்து ஆளுக்கொரு துண்டா புரோகிராம் எழுதுவாங்க. அந்தத் துண்டையெல்லாம் ஒண்ணு சேர்த்து, சரியா ஓடுதான்னு சோதிச்சு, மெஷின்ல ஏத்தற மாதிரி ஒரே ஃபைலா ஆக்கணும். அதுக்குப் பேருதான் பில்ட். அது தானா நடக்கற மாதிரி ஏற்பாடு பண்ணி வெக்கிறவன் நான்.

இந்த பஸ் உங்க ஊருக்குப் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமில்லைங்க? அப்ப சொல்றேன். கேக்க இஷ்டம் இல்லைன்னா தூங்குங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன். காலையில இருந்து யார்கிட்டயாவது முழுசா சொல்லணும்போல இருக்கு. சொன்னேன், ஒரு டாக்டரம்மாகிட்ட. ஆனா முழுசா சொல்லலை.

கோயமுத்தூர்லதான் எங்க கம்பெனி. பேரு வேண்டாமுங்க. மொத்தமே பதினெட்டுப் பேர். ஓனர் கிருபாகரன் சார். ரத்தம் சேமிச்சு வெக்கிற ஃபிரிட்ஜ் பாத்திருக்கீங்களா? பெருசா கண்ணாடிக் கதவு போட்டு இருக்கும். உள்ள எப்பவும் ரெண்டு டிகிரிக்கும் ஆறு டிகிரிக்கும் நடுவுல இருக்கணும். ஆறைத் தாண்டி நின்னுதுன்னா ரத்தத்தைக் கீழ கொட்ட வேண்டியதுதான். அதனால அந்த ஃபிரிட்ஜ் மேல ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கும். எத்தனை டிகிரின்னு காட்டும், தாண்டினா சங்கு ஊதும், டாக்டர் போனுக்கு மெசேஜ் அனுப்பும். அந்தப் பெட்டிக்குள்ள ஓடற சாஃப்ட்வேர் எங்களுது.

நான் சேர்ந்தப்ப அங்க பில்ட் பண்றதுக்கு ஒரே ஆள்தான். மங்கையர்க்கரசி. நாங்க எல்லாரும் அரசியக்கான்னு கூப்பிடுவோம். நாப்பது வயசு இருக்கும். அவங்க மெஷின்ல மட்டும்தான் பில்ட் ஆகும், வேற எவன் மெஷின்லயும் ஆகாது. ஒரு நோட்டு வெச்சிருந்தாங்க, அதுல வரிசையா நாப்பத்தோரு வேலை எழுதியிருக்கும். ஒவ்வொண்ணா பண்ணி டிக் போட்டுக்கிட்டே வருவாங்க. நாலு மணி நேரம் ஆகும். அந்த நாலு மணி நேரமும் யாரும் பக்கத்துல போய்ப் பேசக் கூடாது.

கிருபாகரன் சாருக்கு இது பிடிக்கலை. "அரசிக்குக் காய்ச்சல் வந்தா கம்பெனிக்கே காய்ச்சலா?"ன்னு கேப்பாரு. அதுக்குத்தான் என்னை எடுத்தாரு. ஒரு பட்டனை அழுத்தினா எல்லாம் தானா நடக்கணும், அதுதான் என் வேலை.

அக்கா முகத்தைத் தூக்கி வெச்சுக்குவாங்கன்னு பயந்துட்டுத்தான் போனேன். அவங்க என்னடான்னா, "வாடா தம்பி, உன்னைத்தான் ஆறு வருசமா தேடிட்டு இருக்கேன்"னாங்க. நிஜமாவே சந்தோசப்பட்டாங்க. நோட்டை எங்கிட்டயே குடுத்துட்டாங்க. பக்கத்துல சேரைப் போட்டு உக்காந்து ஒவ்வொரு வரிக்கும் ஏன், எதுக்குன்னு சொல்லிக் குடுத்தாங்க. தெரிஞ்சதை மறைச்சு வெக்கிற ஆள் இல்லைங்க அவங்க. அப்படி மறைச்சு வெக்கிற ஆளா இருந்திருந்தா எனக்கு இப்ப இவ்வளவு கஷ்டமா இருக்காதுன்னு சில நேரம் தோணும்.

ஒரு மூலையில பழைய கம்ப்யூட்டர் ஒண்ணை வெச்சு, அதைத்தான் சர்வர்னு ஆக்கினேன். அக்கா மெஷின்ல ஆகறது அதுல ஆகாது. ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு நிக்கும். கடைசியா ஒரு சிக்கல். பில்ட் ஆன ஃபைல் மேல ஒரு முத்திரை போடணும். கம்ப்யூட்டர் முத்திரைதான். அது இல்லாட்டி அந்தப் பெட்டி புது ஃபைலை ஏத்துக்காது. அந்த முத்திரை அரசியக்கா லாகின்ல மட்டும்தான் இருந்துது. புதுசா வாங்க ஒரு மாசம் ஆகும்.

"அக்கா, உங்க லாகினைக் குடுங்க. சர்வர்ல போட்டு ஓட்டிக்கறேன். புதுசு வந்ததும் மாத்திடறேன்."

"ஒரு மாசம்தான் தம்பி. என் பேரு அங்க கெடந்து ஓடக் கூடாது"ன்னு சொல்லித்தான் குடுத்தாங்க.

அதுல இருந்து அந்த சர்வர் எது பண்ணினாலும் எம்.அரசி பண்ணினதாத்தான் பதிவாகும். நான் அது முன்னால உக்காந்து பண்ணினாலும் எம்.அரசிதான். புது முத்திரை ஒரு மாசத்துல வந்துருச்சுங்க. மெயில்ல கெடந்துது. மாத்தறது அரைநாள் வேலை. மாத்தலை. இது பெரிய தப்பான்னு கேட்டா, பெரிய தப்பு இல்லைங்க. எல்லாக் கம்பெனியிலயும் நடக்கறதுதான். அதைத்தான் நான் எனக்குச் சொல்லிக்கிட்டேன்.

இன்னொண்ணு. அக்கா நோட்டுல பதினேழாவது வரி, "பழைய ஃபைல் எல்லாத்தையும் அழித்துவிட்டு ஆரம்பிக்கவும்." ஒவ்வொரு தடவையும் சுத்தமா அழிச்சுட்டு முதல்ல இருந்து கட்டினா நாப்பது நிமிசம் ஆகுது. அழிக்காம, மாறினதை மட்டும் கட்டினா எட்டே நிமிசம். கிருபாகரன் சார் பின்னாடி நின்னு வாட்சைப் பாக்கற ஆளு. அதனால அந்த வரியை விட்டுட்டேன். எட்டு நிமிசம்னு சொன்னப்ப அவரு என் தோள்ல தட்டினாரு. அந்தத் தட்டு இன்னும் எனக்குத் தெரியுதுங்க, இதோ இந்த இடத்துல.

கடைசியில சோதனை. மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு சோதனை இருந்துது, எல்லாம் அக்கா எழுதினது. ஃபிரிட்ஜ் கதவு திறந்திருந்தா என்ன ஆகும், வயர் அறுந்தா என்ன ஆகும்னு ஒவ்வொண்ணா சோதிக்கும். எல்லாம் சரின்னா திரையில பச்சைப் புள்ளி வரும். ஒண்ணு தப்பினாலும் சிவப்பு. எனக்கு இருநூத்திப் பதினொண்ணு பாஸ் ஆயிருச்சு. ஒண்ணு மட்டும் ஆகலை. கரெண்டு போயிட்டுத் திரும்ப வந்தா, பெட்டி பழைய டிகிரியைக் காட்டாம புதுசா அளந்து காட்டுதான்னு பாக்கற சோதனை. ரெண்டு நாள் மல்லுக்கட்டினேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. பழைய கம்ப்யூட்டர்ங்கறதனால மெதுவா ஓடுது, அதான் தப்புதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

அந்த வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஹைதராபாத்ல இருந்து ஆளுங்க வர்றாங்க. பெரிய ஆர்டர். கிருபாகரன் சார் அவங்க முன்னால பட்டனை அழுத்திக் காட்டணும். பத்தே முக்காலுக்கு நான் சர்வர் முன்னால உக்காந்து, அந்த ஒரு சோதனையை ஓட்டாம தாண்டிப் போற மாதிரி ஒரு வரி எழுதினேன். ஒரே வரி. பக்கத்துல "பிறகு பார்க்க"ன்னும் எழுதி வெச்சேன். பதினொண்ணு பத்துக்குச் சார் பட்டனை அழுத்தினாரு. எட்டு நிமிசம். பச்சை. எல்லாரும் கை தட்டினாங்க. அரசியக்காதான் அதிகமாத் தட்டினாங்க.

அந்தப் பச்சைப் புள்ளி வந்த ஃபைல்தானுங்க அடுத்த வாரம் ஆஸ்பத்திரிகளுக்குப் போச்சு.

அப்புறம் நடந்ததை நான் பாக்கலை. பின்னாடி எங்க ஆபீஸ்ல எழுதின ரிப்போர்ட்ல படிச்சதுதான். ஒரு ஊர்ல, நான் இப்ப இறங்கப் போற ஊர்லதான், ஒரு சின்ன ரத்த சேமிப்பு நிலையம். சனிக்கிழமை மத்தியானம் கரெண்டு போயிருக்கு. முக்கால் மணி நேரத்துல வந்துருச்சு. ஆனா ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடலை. பெட்டி நாலு டிகிரியையே காட்டிட்டு இருந்துது, கரெண்டு போறதுக்கு முன்னால இருந்த நாலு. சங்கு ஊதலை. டியூட்டி நர்சு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து பாத்து ரெஜிஸ்டர்ல எழுதியிருக்காங்க. நாலு, நாலு, நாலு. திங்கக்கிழமை காலையில டெக்னீசியன் ஒரு பையை எடுக்கறப்ப கைக்குச் சில்லுன்னு இல்லை. அப்பத்தான் தெரிஞ்சிருக்கு. அறுபத்திநாலு பை. ஒரு காலேஜ்ல முகாம் போட்டு, பசங்களும் பொண்ணுங்களும் வரிசையில நின்னு குடுத்தது.

யாருக்கும் உயிருக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொன்னாங்க. நான் அதுக்கு மேல கேக்கலை.

அந்தப் பழைய ஃபைலை அழிக்காம விட்டேன் பாருங்க, அதுல ஒண்ணுதான் உள்ள போய் ஒட்டிக்கிட்டு இருந்துது. அதைப் பிடிக்கத்தான் அந்தச் சோதனை. அது சரியாத்தான் பிடிச்சிருக்கு. நான்தான் வாயை அடைச்சு வெச்சேன்.

செவ்வாய்க்கிழமை மீட்டிங். கிருபாகரன் சார் பதிவு எல்லாத்தையும் பெரிய திரையில போட்டாரு. சோதனையை நிறுத்தி வெச்சது யாரு? எம்.அரசி. பில்ட் பண்ணினது யாரு? எம்.அரசி. முத்திரை? எம்.அரசி.

"என்ன அரசி இது?"

அக்கா எந்திரிச்சுத் திரைகிட்டப் போய்ப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. தேதி, நேரம், எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து பண்ணினது, எல்லாம் அங்கயே இருந்துது. திரும்பி வந்து உக்காந்தாங்க. "லாகின் என்னுதுதான் சார். பண்ணினது நான் இல்லை."

"அப்ப யாரு?"

"பண்ணினவங்க சொல்லட்டும்."

எனக்கு முன்னால ஒரு டம்ளர் டீ இருந்துது, நான் அதையே பாத்துட்டு இருந்தேன். கிருபாகரன் சார் எங்கிட்டக் கேட்டாரு, "நந்தகோபால், அந்த சர்வரை யார் யாரு தொடுவாங்க?"

"எல்லாரும்தான் சார்"னேன்.

அது பொய் இல்லைங்களே? பட்டனை எல்லாரும்தான் அழுத்துவாங்க. "நீ பண்ணினியா"ன்னு அவரு கேட்டிருந்தா சத்தியமா சொல்லியிருப்பேன். கேக்கலை. அவருக்கு அன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்கு ஒரு பேரை எழுதி ரிப்போர்ட் அனுப்பணும். திரையில ஒரு பேரு இருந்துது. "லாகினை இன்னொருத்தருக்குக் குடுத்ததே முதல் தப்பு"ன்னு அக்காகிட்டச் சொன்னாரு. அதுக்கு அவங்க "ஆமா சார், அது என் தப்பு"ன்னாங்க. அதை மட்டும் ஒத்துக்கிட்டாங்க.

ஒரு வாரம் ஆபீஸ் வந்தாங்க. வழக்கமா மதியம் எங்கூடத்தான் சாப்பிடுவாங்க. அந்த வாரமும் டப்பாவைத் தூக்கிட்டு எனக்கு எதிர்லயே வந்து உக்காந்தாங்க. ஒரு வார்த்தை கேக்கலை. "பொரியல் வேணுமாடா"ன்னு மட்டும் கேட்டாங்க. நான் வாங்கிச் சாப்பிட்டேன். எட்டாவது நாள் வேலையை விடறேன்னு பேப்பர் போட்டுட்டுப் போயிட்டாங்க.

என் வீட்டுல அப்ப மாசமா இருந்தா. அதையும் சொல்லணும். வேலை போனா என்ன பண்றதுன்னு பயம். காரணம் சொல்றேன்னு நினைக்காதீங்க. காரணம்தான், ஆனாலும் நிஜம்.

அவங்க போனதுக்கப்புறமும் சர்வர்ல அவங்க பேரு ஓடிட்டு இருந்துதுங்க. தினமும் காலையில நான் கம்ப்யூட்டரைத் திறந்தா, எம்.அரசி, பில்ட் வெற்றி. எம்.அரசி, பில்ட் வெற்றி. ஆளு பொள்ளாச்சியில இருக்காங்க, பேரு எங்க மூலையில உக்காந்து வேலை பாக்குது. மாத்தப் போனா பழைய பதிவை யாராவது கிளறுவாங்களோன்னு பயந்து எட்டு மாசம் மாத்தாம விட்டேன். அப்புறம் என்னை டீமுக்கு லீடா போட்டாங்க. முதல் வேலையா அதை மாத்தினேன். மாத்தின அன்னிக்கு நல்லாத் தூங்கினேன். எல்லாம் சரியாயிருச்சுன்னுகூட நினைச்சேன்.

ரெண்டு வருசம் ஓடிருச்சு. போன மாசம் ஒரு போன். பெங்களூர்ல ஒரு கம்பெனி, மருத்துவக் கருவிதான் அவங்களும் பண்றாங்க. மங்கையர்க்கரசின்னு ஒருத்தங்க இன்டர்வியூல நல்லாப் பண்ணியிருக்காங்க, உங்ககிட்ட வேலை பாத்தவங்களாமே, எப்படின்னு கேட்டாங்க. அந்தப் போனை எங்க ஆபீஸ்ல எங்கிட்டக் குடுத்துட்டாங்க. நான்தானே லீடு. நல்லாச் சொன்னேனுங்க. ரொம்ப நல்லாச் சொன்னேன். அவங்களை மாதிரி கவனமான ஆளை நான் பாத்ததே இல்லைன்னேன்.

"அப்ப அந்த ரிப்போர்ட்ல இவங்க பேரு இருக்குதே?"ன்னாங்க அந்தப் பக்கம்.

"அது பழைய விசயங்க"ன்னேன்.

"ரத்தம் வீணான விசயம் சார். எங்க லைன்ல அது பழசாகாது. ஏற்கெனவே ரெண்டு கம்பெனி இதனாலதான் வேண்டாம்னு சொல்லியிருக்கு. அவங்களே மறைக்காமச் சொன்னாங்க."

வெச்சுட்டாங்க. மறுநாள் லீவு போட்டுட்டுப் பொள்ளாச்சி போனேன்.

அக்கா ஒரு தென்னைநார் கம்பெனியில கம்ப்யூட்டரைப் பாத்துக்கறாங்க. அங்க ரெண்டு பிரிண்டர், நாலு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். நான் போய் நின்னதும், "வாங்க நந்தகோபால், உக்காருங்க"ன்னாங்க. வாடா தம்பின்னு சொன்னவங்க. அந்த "வாங்க"ங்கறது எனக்கு அடி மாதிரி இருந்துது.

சொன்னேன். அழுதேன். அவங்க அழலை. ஒரு பிரிண்டர்ல பேப்பர் சிக்கியிருந்துது, அதை எடுத்துக்கிட்டே கேட்டாங்க.

"எனக்கு அன்னிக்கே தெரியும். சர்வர்ல இருந்து பண்ணினதுன்னு திரையிலயே இருந்துதே. அது முன்னால உக்கார்றது நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப ஏன்க்கா சொல்லலை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு ஒரு வாரம் பாத்தேன். நீங்க சொல்லியிருந்தா கூட நின்னிருப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்கியிருக்கலாம். நான் காட்டிக் குடுத்துத்தான் நீங்க ஒத்துக்கணும்னா, அதுல எனக்கு என்ன இருக்கு?" அந்தப் பேப்பரை எடுத்துக் கசக்கிப் போட்டாங்க. "அதுவும் தப்புதான். இப்ப நினைச்சா, கத்தியிருக்கணும்."

"மன்னிச்சிருங்கக்கா"ன்னேன்.

"மன்னிப்பு இருக்கட்டும். என் பேரு எங்கெங்க எழுதியிருக்கோ, அங்கெல்லாம் போய் உங்க பேரை எழுதுங்க. அது முடிஞ்சதும் சொல்லுங்க."

அவ்வளவுதான் பேசினாங்க. டீ வாங்கிக் குடுத்தாங்க.

திங்கக்கிழமையே கிருபாகரன் சார்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். படிச்சுட்டுக் கண்ணாடியைக் கழட்டினாரு. "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துதுய்யா"ன்னாரு. அப்ப ஏன் சார் என்னைக் கேக்கலைன்னு வாய் வரைக்கும் வந்துது, கேக்கலை. ரிப்போர்ட்டைத் திருத்தி எல்லாருக்கும் அனுப்பறேன்னாரு, அனுப்பிட்டாரு. பெங்களூருக்கும் ஒரு காப்பி. என்னைப் பேப்பர் போடச் சொன்னாரு. இந்த மாசக் கடைசியோட என் வேலை முடியுது. வீட்டுல சொல்லிட்டேன். அவ ஒண்ணுதான் கேட்டா. "ரெண்டு வருசமா எங்கூடப் படுத்து எந்திரிச்சீங்களே, எங்கிட்டக்கூடச் சொல்லலையா?"ன்னா.

மிச்சம் இருந்தது அந்த ரத்த சேமிப்பு நிலையம். அங்க ரெஜிஸ்டர்ல அக்கா பேரு இருக்குன்னு ரிப்போர்ட்ல போட்டிருந்துது. இன்னிக்குக் காலையில போனேன். டாக்டர் ஷாகிதா பேகம்னு ஒரு அம்மா. விசயத்தைச் சொன்னதும் திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டலை. பீரோவைத் திறந்து அந்த வருசத்து ரெஜிஸ்டரை எடுத்தாங்க. பக்கத்தைத் திருப்பிக் காட்டினாங்க. அறுபத்திநாலு நம்பர், ஒவ்வொண்ணுக்கும் நேரா "அழிக்கப்பட்டது", "அழிக்கப்பட்டது". கீழ காரணம்னு போட்டு, சாஃப்ட்வேர் பிழை, பொறுப்பு பொறியாளர் மங்கையர்க்கரசி.

நான் கேக்காமலே அவங்க சொன்னாங்க. "அந்தத் திங்கக்கிழமை இங்க ஒரு பிரசவம். நிக்காம ரத்தம் போச்சு. எங்ககிட்ட ஒரு பை இல்லை. நாப்பது கிலோமீட்டர் தள்ளி அனுப்பினோம். ஆம்புலன்ஸ்ல நான்தான் கூடப் போனேன். அந்தப் பொண்ணு என் கையை விடவே இல்லை. பிழைச்சுட்டா. குழந்தையும் பிழைச்சுது. ஆனா நடுவழியில ஒரு ரயில்வே கேட் போட்டிருந்தாங்க. அந்த ஆறு நிமிசம் நான் என்ன வேண்டிக்கிட்டேன்னு எனக்குத்தான் தெரியும்."

பிழைச்சுட்டாங்கன்னதும் எனக்கு என்னமோ பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்துது. சிரிச்சுட்டேன் போல. அந்தம்மா என்னைப் பாத்த பார்வையில அந்தச் சிரிப்பு அப்படியே நின்னுருச்சு.

"ரெஜிஸ்டர்ல எதையும் அடிக்கக் கூடாது. கீழ எழுதலாம். நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க"ன்னு பேனாவைக் குடுத்தாங்க. எழுதினேன். "மேற்படி பிழைக்குப் பொறுப்பு மங்கையர்க்கரசி அல்ல. சோதனையைத் தவறுதலாக நிறுத்தி வைத்தது நான்." பேரு, தேதி, கையெழுத்து. டாக்டரம்மாவும் பக்கத்துல கையெழுத்துப் போட்டாங்க. போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பிட்டு, கோயமுத்தூர் பஸ் ஏறிட்டேன். ஜன்னலோர சீட்டு. ரெண்டு வருசத்துல அப்படி ஒரு காத்து நான் வாங்கினதில்லைங்க.

பாதி தூரம் போயிருப்பேன். பஸ்ஸை டீக்கு நிறுத்தினாங்க. போன்ல அக்காகிட்ட இருந்து ஒரே வரி. "தவறுதலாக என்ற வார்த்தை வேண்டாம்."

எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. வேலை போச்சு, வீட்டுல முகம் குடுத்துப் பேச மாட்டேங்கறா, ஊர் ஊராப் போய் என் பேரை எழுதிட்டு வரேன், இதுல ஒரு வார்த்தைக்கு வந்து நிக்கறாங்களேன்னு. போன் அடிச்சேன். எடுக்கலை. நாலு தடவை அடிச்சேன். டீயைக் கையில வெச்சுக்கிட்டே நின்னேன். பஸ் கிளம்பிருச்சு. கண்டக்டர் கூப்பிட்டாரு, நான் ஏறலை.

உங்ககிட்ட ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டேனுங்ண்ணா. டாக்டரம்மாகிட்டயும் சொல்லலை, சார்கிட்ட எழுதிக் குடுத்ததுலயும் இல்லை.

அந்த ஹைதராபாத் ஆளுங்க வந்துட்டுப் போன மறுநாள், வெள்ளிக்கிழமை, அக்கா என் சீட்டுக்கு வந்தாங்க. ஃபைல் இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகலை. "தம்பி, சோதனை இருநூத்திப் பதினொண்ணுன்னு காட்டுதே. நான் எழுதினது பன்னெண்டாச்சே, ஒண்ணு எங்க போச்சு?"ன்னு கேட்டாங்க. எண்ணியிருக்காங்க பாருங்க. நான் ஒரு செகண்டுகூட யோசிக்கலை. "ரெண்டும் ஒரே மாதிரி இருந்துதுக்கா, ஒண்ணாச் சேர்த்துட்டேன்"னேன். "ஓ, சரி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. என் வார்த்தையை நம்பிட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தா மத்தியானத்துக்குள்ள அவங்களே உக்காந்து சரி பண்ணியிருப்பாங்க. அறுபத்திநாலு பை ரத்தமும் இருந்திருக்கும்.

பொள்ளாச்சியில அழுதேன்னு சொன்னேனே, அப்பவும் இதை நான் எடுக்கலை. அவங்களும் எடுக்கலை. மறந்துட்டாங்கன்னு நினைச்சுட்டேன். மறப்பாங்களா?

அதானுங்க, எதிர்ப்பக்கம் வந்த இந்த பஸ்ஸைப் பிடிச்சு ஏறினேன். டாக்டரம்மா நாலு மணி வரைக்கும் இருப்பாங்க. எழுதினதை அடிக்க விட மாட்டாங்க, அது தெரியும். அதுக்குக் கீழ இன்னொரு வரி எழுதணும். அவங்க முன்னாலயே எழுதணும், அவங்க படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவாங்க. ஆம்புலன்ஸ்ல கையைப் பிடிச்சுட்டுப் போனவங்க.

என்ன எழுதறதுன்னு ஏறினதுல இருந்து யோசிச்சுட்டு இருக்கேன். சொல்றேன், கேளுங்க. "தவறுதலாக அல்ல. தெரிந்தே நிறுத்தினேன். மங்கையர்க்கரசி கேட்டபோது பொய் சொன்னேன்."

இதுல ஏதாவது விட்டுப் போச்சுங்களா? வேண்டாம், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்களுக்கென்ன தெரியும், பாவம்.

இதோ, ஸ்டாப் வந்துருச்சு. வாய்ல வந்துருச்சுங்ண்ணா. இனி அது கையில வரணும். வரேனுங்க.